பெர்ரி ஓடவில்லை

“ஒரே ஒரு ராத்திரிதான்லா. திங்கக்கெழம பெரட்டுக்கு நான் இங்க நிக்கணும்.”

சிங்காரம் இதைச் சொல்லிக்கொண்டேதான் பையைத் தூக்கினார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கங்காணி. விடியலில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக்கு அவர் ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் நின்ற மனிதர். இப்படியே போய், அவர் மனைவி கங்கா பங்கோர் தீவிலிருக்கும் தன் ஒரே அக்காவைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

லூமுட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையைப் பார்க்கவா மலையை விட்டு இறங்கி வந்தோம் என்று தீவுக்குப் போகும் பெர்ரிப் படகில் வழி முழுக்க முணுமுணுத்தார். கங்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

அக்கா வடிவம்மாள் வாசலிலேயே தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நண்டு கழுவும்போதும் பேசினார்கள், அதைத் தின்னும்போதும் பேசினார்கள். மூன்று வருஷத்துப் பேச்சு ஒரு ராத்திரியில் முடிகிற காரியமா?

“நாளைக்கும் இருந்துட்டுப் போயேன்டி,” என்றாள் அக்கா.

கங்கா கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போன சிங்காரம், சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினார்.

“பெர்ரி ஓடல. அலை ஜாஸ்தியாம்.”

மழையைத் திட்டினார், கடலைத் திட்டினார். ஊரில் இடமே இல்லாத மாதிரி கடலுக்கு நடுவில் வந்து குடியிருக்கும் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குப் போன் போட்டு, மறுநாள் பெரட்டுக்கு வர வழியில்லை என்று அழாக்குறையாகச் சொன்னார்.

“என் கையில என்னா இருக்கு கிராணி? கடல் விட்டாதானே வர முடியும்.”

முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள கங்கா பெரும்பாடு பட்டாள். அடுப்படிக்குப் போனதும் அக்காளும் தங்கையும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வருண பகவானுக்கு ஒரு தேங்காய் உடைத்தே ஆகவேண்டும் என்றாள் வடிவம்மாள்.

சாயங்காலம், லூமுட்டில் வேலை பார்க்கும் அவள் மகன் தனேஸ் குடையைச் சுருக்கியபடி உள்ளே வந்தான். இந்த மழையில் எப்படி வந்தாய் என்று அவள் கேட்டாள்.

“பெர்ரியிலதாம்மா. காலையிலேர்ந்து ஒரு ட்ரிப்புகூட நிக்கலையே. ஏன் கேக்குற?”

எல்லோரும் சிங்காரத்தைப் பார்த்தார்கள். அவர் எப்போதோ காய்ந்துபோன தலையை மறுபடியும் மும்முரமாகத் துவட்டிக்கொண்டிருந்தார்.

கங்கா எழுந்து போய்த் தனேஸ் கையிலிருந்த குடையை வாங்கி மூலையில் சாத்தினாள்.

“நீ வந்ததுதான் கடைசி பெர்ரி,” என்றாள். “பேசாம உக்காந்து சாப்புடு.”