ஒரு கேக், இரண்டு சர்க்கரைக்காரர்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் என் மனைவி கேக் நறுக்குகிறாள். இருவருக்கும் சர்க்கரை என்பதால் ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரே துண்டு. அது எவ்வளவு மெல்லியதென்றால், அதன் வழியே எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டையின் பொத்தான்கள் தெரிகின்றன. மோப்பம் பிடித்து வந்த எறும்பு, எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் திரும்பிப் போகிறது. இருப்பதில் சற்றுத் தடித்ததை அவள் என் தட்டுக்குத் தள்ளுகிறாள். “உங்க ரத்தம் மட்டும் எப்படிங்க சொன்ன பேச்சு கேக்குது?” “கட்டுப்பாடு” என்கிறேன். அவள் கண்ணை மூடித் தன் துண்டை நாக்கில் கரையவிடுகிறாள். “நல்லவேளை, உங்களுக்கும் வந்துச்சு. தனியா இருந்திருந்தா என்னைக்கோ டப்பாவையே காலி பண்ணியிருப்பேன்.” ஊசி குத்திக் குத்திப் புள்ளி விழுந்த விரல்களால் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது.