கறை படாத முற்றம்

"செங்கல் முற்றத்துல ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் வீட்டுக்குள்ள வராதீங்க!"

தினமும் அந்த முற்றத்தைத் தேய்த்துக் கழுவும் மனைவியின் சட்டம் அது.

அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, கணவர் அங்கேயே சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். கைதவறி டப்பா கவிழ்ந்தது. தாகத்தில் கிடந்த செங்கல் எண்ணெயை ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

துடைத்தார், கறை போகவில்லை. மறைக்கலாமென்று மூச்சைப் பிடித்துப் பெரிய பூந்தொட்டியை அதன்மேல் நகர்த்தினார்.

தொட்டி இருந்த இடத்தில் தட்டு அகலத்துக்குக் கருப்புக் கறை!

பின்னால் ஈரத் தலையோடு மனைவி நின்றிருந்தாள். "அது வந்து... தலைக்கு அடிக்கிற டை கொட்டிடுச்சுங்க" என்று இழுத்தாள்.

கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எங்க பரம்பரைக்கே நரைக்காதுன்னியே, மகராசி! சரி விடு, இன்னொரு தொட்டி வாங்கிட்டு வந்துடறேன்."

"ரெண்டா வாங்குங்க" என்றாள் மனைவி, யாரும் மிதிக்காத மூலையில் கிடந்த கால்மிதியைப் பார்த்தபடி.