வலது இறக்கை

"அக்கா, பெட்டியை நான் தொடவே இல்லை. நீங்களே பிரிங்க. உங்க கை பட்டாதான் ராசி."

தன் வீட்டு மேசை மேல் பிரியந்தி வைத்த பெட்டியைப் பார்த்ததும் காமினி கிட்டே போய்க் குனிந்தாள்.

கேட்டலினா! தண்ணீரில் இறங்குகிற அந்தப் பெரிய விமானத்தின் பிளாஸ்டிக் மாடல். ஒரு வருஷமாய்க் கைப்பேசியில் படமாக மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே பெட்டி.

டத்தோ கிராமாட் ஃபிளாட்டில் காமினி ஏழாவது மாடி, பிரியந்தி ஒன்பதாவது. மாடல் விமானம் ஒட்டுவதைக் காமினியிடம்தான் பிரியந்தி கற்றுக்கொண்டாள், அதுவும் போன தீபாவளிக்குப் பிறகு. காமினி இத்தனை காலமாய் ஒட்டியதெல்லாம் தள்ளுபடியில் கிடைத்த சின்னச் சின்னப் பெட்டிகள். நேற்று முளைத்தவளுக்குக் கேட்டலினாவா?

"யார் வாங்கிக் கொடுத்தது?"

"வேற யாரு? வீட்டுக்காரர்தான்!" பிரியந்தி கண்ணைச் சிமிட்டினாள். "பொண்டாட்டி மேல அவ்வளவு பாசம்லா."

காமினிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பெட்டிக்காக மட்டும் இல்லை. இவளுக்கு வாய்த்த சஞ்சீவ், மேசை விளக்கு என்ன, பூதக்கண்ணாடி என்ன, கேட்பதற்கு முன்பே வாங்கி வைக்கிறான். தனக்கு வாய்த்தவர் தங்கராஜு. இதே பெட்டியின் படத்தைக் காட்டியபோது கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்ம்" என்றவர். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் பேசிய நீளமான வசனமே அதுதான் போலிருக்கிறது.

"எல்லாம் இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்கக்கா. ஏதாவது குறைஞ்சா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள கொண்டு போகணுமாம். நாளைக்குப் போனா, 'நீங்கதான் தொலைச்சீங்க'ன்னு கடைக்கார அங்கிள் கையை விரிச்சிடுவாராம். எனக்கு என்னக்கா தெரியும்? நீங்கதான் ஜுரு ஃபேக்டரியில கியூசி. உங்க கண்ணுல எதுவும் தப்பாது."

அது உண்மை. பதினாறு வருஷமாய் பிளாஸ்டிக் பாகங்களைப் பார்த்துப் பார்த்து, 'பாஸ்', 'ரிஜெக்ட்' என்று பிரிக்கிற கண் அது. சூப்பர்வைசரே வந்து தலைமேல் நின்றாலும், கோளாறான சாமானுக்குக் காமினி 'பாஸ்' முத்திரை குத்தியதில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விமானியின் கண்ணாடிக் கூண்டில் கீறல் இல்லை. ஒட்டுகிற படங்கள் மஞ்சளாகவில்லை. என்ஜின், சக்கரம், விசிறி எல்லாம் தாளில் போட்டபடி. பாகங்கள் ஒட்டியிருக்கிற சட்டங்கள் மொத்தம் எட்டு என்று போட்டிருந்தது. எண்ணினாள். எட்டு.

எவ்வளவு சுத்தமான வேலை! ஒவ்வொரு ஆணித்தலையும் விரலில் தட்டுப்பட்டது. இது இவளுக்கா என்று மறுபடியும் மனசு பொருமியது.

அப்போதுதான் கவனித்தாள். ஓரத்தில் 'சி' என்று போட்ட சட்டம் இரண்டு. 'டி' இல்லை.

'சி' என்றால் இடது இறக்கை. ஆக, இடது இறக்கை இரண்டு, வலது இறக்கையே கிடையாது! பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று பெட்டியில் போட்டவன் மாற்றிப் போட்டுவிட்டான். வெறுமனே எண்ணுகிறவர்களுக்கு இது பிடிபடவே படாது.

காமினி வாயைத் திறந்தாள். மணி ஐந்துதான் ஆகியிருந்தது.

"என்னக்கா? ஏதாவது குறையுதா?"

பிரியந்தியின் முகத்தில் இன்னும் அதே சிரிப்பு. புருஷன் பாசம் பொங்கி வழிகிற சிரிப்பு.

இரண்டு மாசம் உட்கார்ந்து உடம்பெல்லாம் ஒட்டி முடித்துவிட்டு, இறக்கையைத் தேடும்போது முழிக்கட்டுமே. ஒற்றை இறக்கையோடு அலமாரியில் நிற்கட்டுமே. ஒருத்திக்கே எல்லாம் கிடைத்துவிடுமா என்ன?

"ஒண்ணும் குறையலை. எல்லாம் ஓகே."

"ஷுவராக்கா? ஆறு மணிக்கு அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது."

"நான்தான் பார்த்துட்டேன்ல? பாஸ்!"

பதினாறு வருஷத்தில் முதல் பொய் பாஸ். இரண்டு 'சி' சட்டங்களையும் அடியில் தள்ளி, மற்றவற்றை மேலே அடுக்கி, மூடியைப் போட்டு அழுத்தினாள்.

"டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்கக்கா."

"வேணாம்லா, சமைக்கணும். அவர் வந்துடுவார்."

வெளியே வந்து குனிந்து செருப்பை மாட்டினாள். மனசு ஒரு பக்கம் குறுகுறுத்தது, இன்னொரு பக்கம் குளுகுளுவென்று இருந்தது. மறைப்பானேன், குளுகுளுதான் கொஞ்சம் கூடுதல்.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பிரியந்தி கைப்பேசியில் பேசுவது கேட்டது.

"தங்கராஜு அண்ணே, நான்தான் பிரியந்தி. அக்காவுக்குச் சந்தேகமே வரலை! நீங்க கடைக்கு ஓட வேண்டாம், எல்லாம் சரியா இருக்குன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. நாளைக்கு உங்க கல்யாண நாளுக்கு தைரியமா அவங்க கையில கொடுங்க!"