இரண்டு விரல் மேலே

குழாயை உருவிய கணத்தில் அவள் விரல்கள் இறங்கின.

தொடையும் வயிறும் சேரும் மடிப்பில். தோலில் தெரிந்த துளையின் மேல் அல்ல. அதற்கு இரண்டு விரல் மேலே.

ரத்தம் வரவில்லை.

சுவரில் மணி பத்து நாற்பது. இனி பதினைந்து நிமிடம். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்ப்பதும் கூடாது.

மேசையில் படுத்திருந்த பேச்சியம்மாளுக்கு அறுபத்து மூன்று வயது. எப்போதோ வந்துபோன காசநோய் நுரையீரலில் ஒரு தழும்பை விட்டுப் போயிருந்தது. முந்தாநாள் இருமலோடு ரத்தம் வந்தது. அரைச் சொம்பு.

நெஞ்சைத் திறக்கவில்லை. மயக்கமும் கொடுக்கவில்லை. தொடையில் ஒரு சிறு துளை. அதன் வழியே நூல் போன்ற குழாய். திரையைப் பார்த்தபடியே அதை நெஞ்சு வரை கொண்டுபோய், கசிந்த ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைத்தாயிற்று.

செய்தவர் தலைமை மருத்துவர். அவளும் மருத்துவர்தான், ஆனால் செய்யக் கூடாது. வீட்டு ஆள்.

பேச்சியம்மாள் அவளுடைய மாமியார்.

மூன்று வருடத்தில் இருவரும் ஒரு முறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

"வேற யாரையாவது அழுத்தச் சொல்லவாம்மா?" என்று கேட்டார் தலைமை மருத்துவர்.

"நானே அழுத்துறேன் சார்."

துளையைத் தைத்து மூடும் கருவி உண்டு. ஆனால் இந்த ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தது. கைதான் சரி. பயிற்சியின் முதல் ஆறு மாதம் அவள் செய்ததே இதைத்தான். இருநூறு தொடைகளாவது இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். ரத்தம் தெரிகிற இடத்தில் அழுத்துவார்கள். ஊசி சாய்வாகப் போயிருக்கும். உள்ளே விழுந்த துளை மேலே இருக்கும். தோலை அடைத்துவிட்டு நிம்மதியாக நிற்பார்கள். உள்ளே தொடை வீங்கிக்கொண்டிருக்கும்.

நர்ஸ் ரோஸ்லின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தாள். அங்கே நாடி இருக்கிறது. அழுத்தம் சரியாக இருக்கிறது.

"இருமல் வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லணும்மா" என்றாள் அவள், விரலை எடுக்காமல்.

"சொல்றேன். அதுக்கு ஏன் இந்த அமுக்கு அமுக்குற? பரோட்டா மாவு பெசையுற கை மாதிரியில்ல இருக்கு."

ரோஸ்லின் சிரித்தாள். அவளும் சிரித்தாள். முகக்கவசத்துக்குள்.

தொப்பி, கண்ணாடி, எக்ஸ்ரே தாக்காமலிருக்கக் கழுத்து வரை ஈய அங்கி. யாரென்று தெரிய வழியில்லை.

பத்து நாற்பத்தாறு.

"வெளியில என் மகன் நிக்கிறானா?"

"நிக்கிறாரும்மா."

"அவனுக்குக் கல்யாணமாயி மூணு வருசமாச்சு. நான் போகல."

அவள் விரல் அசையவில்லை.

போகாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். வேறு சாதி. அவனும் அவளும் அதைப் பற்றியே பேசிப் பேசி ஓய்ந்திருக்கிறார்கள். தீபாவளிக்குச் சேலை அனுப்பினார்கள். சேலை திரும்பி வந்தது.

"சாதிக்காகத்தான் வரலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கான் கிறுக்குப் பய. ஊரு பேசும். பேசட்டும், நான் பேச மாட்டேனா?" பேச்சியம்மாள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "போன்ல கூப்புடுறான். அம்மா, நாளன்னைக்கு ரிஜிஸ்டர் கல்யாணம், வந்துருன்னு. பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கே தட்டுல வெத்தல பாக்கு வச்சு, வாசல்ல வந்து நின்னுதான் கூப்புடுறாக. பெத்தவளுக்கு போனா? ரெண்டு பேரும் சேந்து ஒரு நா வந்து நின்னிருந்தா..."

நிறுத்தினாள்.

"வருது."

அவள் உடம்பின் எடையை விரலுக்கு இறக்கினாள். ஈய அங்கியின் ஏழு கிலோவும் சேர்ந்து இறங்கியது.

ஒன்று. இரண்டு. மூன்றாவது இருமல் மேசையையே ஆட்டியது.

விரலுக்கடியில் துடிப்பு முட்டியது. அடங்கியது.

ரோஸ்லின் பேச்சியம்மாளின் வாயைத் துடைத்தாள். துணியைத் திருப்பிக் காட்டினாள்.

வெறும் சளி.

பத்து ஐம்பத்தைந்து. மெதுவாகத் தளர்த்தினாள். ஒவ்வொரு விரலாக.

துளை உலர்ந்திருந்தது. தொடை மெத்தென்றிருந்தது.

"ஆறு மணி நேரம் இந்தக் காலை மடக்கக் கூடாதும்மா. எந்திரிக்கவும் கூடாது."

"சரி." பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "போங்க. ரெண்டு பேரும் போயி ஒரு வாய் சாப்புடுங்க. அவன் பசி தாங்க மாட்டான்."

ரோஸ்லின் அவளைப் பார்த்தாள். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

அவள் யாரென்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெளியே அவள் கணவன் பாண்டிச்செல்வம் சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

"நின்னுருச்சா?"

"நின்னுருச்சு."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுது முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். முகக்கவசத்தை இறக்கினாள். வலது கை இன்னும் மரத்திருந்தது.

"பைக்க எடு. கொழுந்து வெத்தலையா ஒரு கவுளி வாங்கிக்க. கொட்டப்பாக்கு. பழம். அப்பறம் நல்லதா ஒரு தட்டு."

"இப்பவா? எதுக்கு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு மணி வரைக்கும் அத்தை எந்திரிக்க முடியாது. அதுக்குள்ள வந்துரு."