மிதிங்க

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, "மிதிங்க!" என்று கத்தினேன்.

ஓட்டுநர் கதவருகே என் வீட்டுக்காரரின் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

பட்டறை என்னுடையது. வண்டி அவருடையது. மலையில் தார்ச்சாலை முடிந்த பிறகும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மாடுகளுக்குத் தீவன மூட்டை ஏற்றிப்போகிற பிக்கப். இவர் வண்டியை ஓட்டுகிறாரா, வண்டி இவரை ஓட்டுகிறதா என்று நான் கேலி செய்வதுண்டு.

மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒரு செங்குத்தான இறக்கத்தில் கல் அடித்துப் பிரேக் குழாய் அறுந்துவிட்டது. மிதித்த பெடல் தரைவரை போய் அப்படியே கிடந்திருக்கிறது. மனிதர் எப்படியோ திருப்பி, ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டை உடைந்ததோடு சரி. அவர் மேலில் ஒரு கீறல் இல்லை. நடந்தே வீட்டுக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கேட்டால் முட்டி வலி என்பார். முட்டி வலிக்கிற மனிதர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவது என் கண்ணில் படாது என்று நினைப்பு. நொண்டிச் சாக்கு. ஆனாலும் எங்கள் வீட்டில் பயம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. நானும் முட்டி என்றே சொல்லி, தைலம் தேய்த்துவிட்டேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். சரிதான். ஆனால் இந்தப் பூனைக்கு அடுப்பங்கரையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி எடுப்பார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது.

போன வாரம், வண்டியை விற்றுவிடலாம் என்றார்.

விற்கலாமே என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பிரித்துப்போட்டேன். ரப்பர் குழாயை வீசிவிட்டுக் கம்பி பின்னிய குழாய் போட்டேன். பெரிய பிரேக் டிஸ்க். பின்னால் ஒரு பட்டை கூடுதலாக வைத்த ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தாலும் தூக்கிப்போடாத நீளமான ஷாக் அப்சார்பர். வண்டி நாலு விரல் உயர்ந்து, ஜாக்கி இல்லாமலே அடியில் நுழைய முடிந்தது. விற்கிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு சீராட்டு என்று கேட்டார். அப்போதுதான் எவனாவது வாங்குவான் என்றேன்.

பிரேக் வேலையில் கடைசி, குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து, ஆயிலோடு காற்றை வெளியே விட வேண்டும்.

பக்கத்துக் கடை வெல்டரைக் கூப்பிடச் சொன்னார். அவருக்குத் தலைக்குமேல் வேலை என்றேன். இவர் கழுவுற மீனில் நழுவுற மீன். இன்றைக்கு நழுவ இடமில்லை.

செருப்புகள் காலியாயின. எப்போதும் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். என் முகத்துக்கு மேலே வண்டி மெல்ல அசைந்து அடங்கியது.

"மிதிங்க."

திருகைத் திறந்தேன். சின்ன டியூப் வழியே ஆயில் பாட்டிலில் இறங்கியது. சீராக இறங்கவில்லை. துடித்துத் துடித்து, விட்டுவிட்டு வந்தது. பெடலில் இருந்த கால் நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. இப்போது அந்தப் பயம் என் விரலுக்கிடையில் ஓடிக்கொண்டிருந்தது.

மேலே போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. போனால் இறங்கிவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகை மூடினேன்.

"விடுங்க."

"குமிழி வருதா?" என்றார்.

"வருது, வருது. மிதிங்க."

அடுத்த சக்கரத்துக்கு ஊர்ந்து போனேன். மிதிங்க, பிடிங்க, விடுங்க. மூன்றாவது சக்கரத்தில், நான் கேட்பதற்கு முன்பே "பிடிச்சிருக்கேன்" என்று குரல் வந்தது. நாலாவதில் ஆயில் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் அதிகமாகவே வடியவிட்டேன்.

"முடிஞ்சுதுங்க. இறங்குங்க."

வெளியே வந்து உட்கார்ந்தேன். முதுகெல்லாம் ஆயிலும் மண்ணும். அவர் இறங்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்மேல் இருந்தன. முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"அஞ்சாவது சக்கரத்துக்கும் எடுத்துடலாமா, மேஸ்திரி?"

அஞ்சாவது சக்கரம் பின்பெட்டியில் கிடக்கிற மாற்றுச் சக்கரம். அதற்குப் பிரேக்கே கிடையாது.

எனக்குக் காது சுட்டது. நேற்றே வெல்டரை உட்காரவைத்து, நாலு சக்கரத்துக்கும் காற்றை எடுத்து முடித்திருந்தேன். இன்றைக்குப் பாட்டிலில் ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று இருந்தால் பெடல் பஞ்சாக அமுங்கும், இல்லாவிட்டால் கல்லாக நிற்கும். முதல் மிதியிலேயே அவர் காலுக்குத் தெரிந்திருக்கும். நான் யாரிடம் என் வித்தையைக் காட்டினேன்!

தெரிந்தும் இறங்காமல், அந்த நடுக்கத்தோடு, நான் கேட்ட ஒவ்வொரு தடவையும் மிதித்திருக்கிறார்.

எஞ்சின் உறுமியது. அவர் எட்டி, பக்கத்து இருக்கையின் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டார்.