சாதா ஆயில்

“அண்ணே, அந்த சிந்தெடிக் ஆயிலை ஊத்தாதீங்க. பழைய சாதா ஆயிலே போதும்.”

டிரைவரின் மனைவி வந்ததும் வராததுமாக இப்படிச் சொல்ல, லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

இடுப்பில் குழந்தை. மூச்சு வாங்கியது. வீட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். புருஷன் எங்கே என்று கேட்டார். காலையில் வண்டியை இங்கே விட்டுவிட்டு வந்து, சிந்தெடிக் ஆயில் ஊற்றப்போகிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லையாம்.

மெக்கானிக்குக் கோபம் வந்தது. ஆயிலைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், மனுஷன் உட்கார்ந்து பாடமே நடத்திவிடுவார். இன்றைக்கு அதுவும் கொஞ்சம் சூடாகவே நடந்தது.

இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சக்கரங்களைச் சுற்றவைக்கிற பல்சக்கரப் பெட்டி, அதாவது டிஃபரன்ஷியல், முன்னாடி ஒன்று, பின்னாடி ஒன்று. பின்னாடி இருப்பது எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருப்பதால் தன்னால் சூடாகிவிடும். அதற்கு எந்த ஆயிலும் ஒத்துக்கொள்ளும். முன்னாடி இருப்பது அப்படி இல்லை. வழுக்குகிற இடத்தில்தான் அதற்கு வேலை. மலைமேல் இவன் லோடு அடிக்கிற சுரங்கத்துக் குளிரில் சாதா ஆயில் உள்ளேயே கெட்டியாகிக் கிடக்கும். அவசரத்துக்கு உதவாது.

“போன குளிருக்கு லோடோட நடுச்சரிவுல மக்கர் பண்ணுச்சே, மறந்துட்டியாம்மா? பல்லு உடைஞ்சு, வண்டி விளிம்பு வரைக்கும் போயி நின்னுச்சே?”

மறக்கவில்லை. அன்றைக்கு அவன் போன் வருகிற வரைக்கும் அவள் உட்காரவே இல்லை.

பக்கத்தில் வேலையாக இருந்த வெல்டர் கண்ணாடியைக் கழற்றினார். கட்டினவன் உசுரோடு விளையாடுகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் காதில் விழுகிற மாதிரியே முணுமுணுத்தார்.

மெக்கானிக் கொஞ்சம் இறங்கி வந்தார். நல்ல சேதி சொல்லிச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்தார் போல.

“ஊத்துறதே ஊத்துறோம், ரெண்டுக்கும் சிந்தெடிக்கே ஊத்திடுறேன். சாதா ஆயில்னாதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை இறங்கி வரணும். இது ஒரு வருஷம் தாங்கும். அதுவரைக்கும் வண்டி இந்தப் பக்கமே வர வேண்டாம்.”

“அதுக்குத்தாண்ணே வேண்டாங்கிறேன்.”

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிக்கிறார். இன்ஜின் ஆயிலை மேலேயே மாற்றிக்கொள்கிறார்கள். டிஃபரன்ஷியலுக்கு மட்டும்தான் இந்தப் பட்டறைக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கு மட்டும் முதலாளி வாயைத் திறப்பதில்லை.

“வண்டி உங்ககிட்ட இருக்கிற ரெண்டு நாள்தாண்ணே அவர் எங்ககிட்ட இருக்கார். மொத நாள் இது அப்பாவைப் பார்த்துட்டு என் பின்னாடி ஒளிஞ்சுக்குது. ரெண்டாம் நாள்தான் மடியில ஏறுது. ஏறி உட்காருறதுக்குள்ள உங்ககிட்ட இருந்து போன் வந்துடுது, வண்டி ரெடின்னு.”

வெல்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஆனால் வேலையைத் தொடங்கவில்லை.

அவன் போன பிறகு குழந்தை அவனுடைய பழைய சட்டையைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறதாம். துவைத்துப் போட்டால் அழுகிறதாம். அதனால் துவைப்பதில்லை என்றாள். தனக்கும் அந்த வாசனை வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்ல வந்து, வெட்கப்பட்டு, விழுங்கிவிட்டாள். மூன்று மாதத்தையே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறவள் ஒரு வருஷத்துக்கு எங்கே போவாள்?

குழந்தை லாரி டயரைத் தொட்டுப் பார்த்தது. அவள் அதன் கையைத் துடைத்துவிட்டாள்.

“நீங்க சொல்றதும் சரிதாண்ணே. அவர் நல்லபடியா இருந்தாத்தானே வீட்டுக்கு வர்றதுக்கு. ரெண்டுக்கும் ஊத்திடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவையானாலும் முழுசா வந்தா போதும்.”

கிளம்பியவள், நாலடி போய்த் திரும்பினாள்.

“நான் வந்து இப்படிப் பேசினேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க, சிரிப்பார். அவருக்கு வண்டி நல்லா இருந்தா போதும். படுத்ததும் தூங்கிட்டார். எனக்கு இருக்கிற தவிப்பெல்லாம் அவருக்கு ஏது?”

மெக்கானிக்கைப் பார்த்தால் திட்டு வாங்கினவர் மாதிரி இருந்தது. எழுந்து போய், பின்னாடிக்கென்று எடுத்து வைத்திருந்த சிந்தெடிக் கேனைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, சாதா ஆயில் டின்னோடு வந்தார்.

“என்னண்ணே இது?”

“காலையில உன் புருஷன் வந்து, ‘முன்னாடிக்கு மட்டும் சிந்தெடிக் ஊத்துங்கண்ணே, பின்னாடிக்கு சாதா ஆயிலே இருக்கட்டும், மூணு மாசத்துல நானே வந்து மாத்திக்கிறேன்’னு கெஞ்சு கெஞ்சுன்னு கெஞ்சினான்மா. ஏன்டான்னு கேட்டா வாயைத் திறக்கலை. எனக்கும் புரியலை, கிறுக்குப் பயலேன்னு திட்டி அனுப்பிட்டேன்.”