மாரியம்மன் மார்க் ஜுர மருந்து

கூலாய் ரப்பர் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில், வெள்ளையம்மாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார் சபாபதி. மதராஸிலிருந்து கப்பலில் வரும் ஜுர மருந்துக்கு ஜொகூர் சமஸ்தானம் முழுவதும் அவர்தான் ஏஜெண்டு. எந்த மருந்தையும் துப்பிவிடுகிற ஜனங்கள் மாரியம்மன் படம் போட்ட மருந்தைத் துப்பமாட்டார்கள் என்று கம்பெனிக்கு எழுதி, லேபிளில் அம்மனை அச்சடிக்க வைத்ததும் அவர்தான். போன மாதம் விற்ற சீசா உள்ளே பலகைமேல் நிற்கிறது. கழுத்தில் மஞ்சள் கயிறு, அம்மன் நெற்றியில் குங்குமம், முன்னால் கற்பூரக் கரி. சாய்ந்த வெயில் மருந்தினூடே புகுந்து சுவரில் செந்நிறமாய் விழுகிறது. மூடியில் வைத்த அரக்கு உடையவில்லை. கீழே பாயில், கோணிக்குள் சுருண்டு கிடக்கிற பிள்ளைக்குப் பற்கள் தந்தியடிக்கின்றன.

"இன்னும் திறக்கலையாம்மா?"

"ஆத்தா உக்காந்திருக்கா. அரக்க எப்படிங்க உடைக்கிறது?" ரப்பர் பால் காய்ந்த விரல்களால் வெள்ளையம்மா கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். "பக்கத்து லயத்துலயும் கேக்கிறாங்க. இன்னும் ஒரு டஜன் கிடைக்குமாங்க?"

சபாபதியின் கை சீசாவை நோக்கி நீள்கிறது. பாதியில் நின்று, திரும்பி வந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கிறது. ஆர்டர் புத்தகத்தில் முள் கீறுகிற சத்தத்துக்கு மேலே பிள்ளையின் பற்கள் கேட்கின்றன. அவர் 'இரண்டு டஜன்' என்று எழுதுகிறார்.